நீண்டகால மழை முன்னறிவிப்புச் சேவைகள்: எரிமலை வெடித்தால் இவற்றை எவ்வளவு நம்பலாம்?

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர்ப் பொறுப்பை ஏற்றிருக்கும் எவருக்கும் ஆவணியும் புரட்டாசியும் முடிவெடுக்கும் மாதங்கள். சம்ப்பை எப்போது கழுவுவது, மழைநீர் சேகரிப்புக் குழியில் மணலையும் ஜல்லியையும் இந்த ஆண்டே மாற்றுவதா, அடுத்த கோடைக்கு லாரித் தண்ணீருக்கு எவ்வளவு ஒதுக்குவது, போரை இன்னும் ஆழப்படுத்தலாமா என்று பொதுக்குழுவில் யாராவது எழுந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என எல்லாமே ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை எப்படி இருக்கும் என்ற ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன. இந்தக் கேள்விக்குக் கட்டணமின்றிப் பதில் தரும் மூன்று பொதுச் சேவைகளை ஆதம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்புக்காகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஒன்று, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வடகிழக்குப் பருவமழை முன்னறிவிப்பு. இரண்டாவது, ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிகஸ் காலநிலைச் சேவை மாதந்தோறும் வெளியிடும் ஆறு மாத வரைபடங்கள். மூன்றாவது, உலக வானிலை அமைப்புக்காகப் பிரிட்டன் வானிலை அலுவலகம் தொகுத்து ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடும் ஐந்தாண்டு முன்னறிவிப்பு.

இவற்றின் எல்லா நிறைகுறைகளையும் இங்கே எடுத்துப் பேசப்போவதில்லை. உலகின் ஏதோ ஒரு மூலையில் பெரிய எரிமலை ஒன்று வெடித்தால், கையில் இருக்கும் முன்னறிவிப்பின் மதிப்பு என்ன ஆகும், அதைச் சேவை நமக்குச் சொல்லுமா என்ற ஒன்றை மட்டும் கூர்ந்து பார்க்க விரும்புகிறேன். இந்த ஒரு சோதனையில் ஒரு சேவை எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்த்தாலே அதன் நேர்மையும் அதன் எல்லையும் நன்றாகப் புரிந்துவிடும் என்பது என் கருத்து.

முதலில் சேவைகளின் தோற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கை செப்டம்பர் இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வருகிறது. தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமை, தெற்கு உள் கர்நாடகம் ஆகிய ஐந்து உட்பிரிவுகளையும் சேர்த்துத் தென் தீபகற்பத்துக்கு ஒரே விழுக்காடு தருகிறார்கள். 1971 முதல் 2020 வரையிலான சராசரி ஏறத்தாழ 33 சென்டிமீட்டர், அதில் 88 முதல் 112 விழுக்காடு வரை பெய்தால் இயல்பு. அறிக்கையில், பசிபிக் பெருங்கடலின் நடுக்கோட்டுப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ நிலைமைக்கும், இந்தியப் பெருங்கடலின் மேற்குக்கும் கிழக்குக்கும் இடையிலான வெப்ப வேறுபாடாகிய இருமுனை நிலைமைக்கும் தனித்தனிப் பத்திகள் உண்டு; அவை தெளிவாக எழுதப்படுகின்றன. சென்னை நகருக்கு மட்டும் எவ்வளவு என்று அதில் தேடக் கூடாது. அந்த அளவு நுணுக்கம் இந்த அறிவியலுக்கு இன்னும் கைகூடவில்லை.

கோப்பர்நிகஸ் வரைபடங்கள் வேறு வகை. ஐரோப்பிய நடுத்தரக்கால முன்னறிவிப்பு மையம் வானிலையைக் கணக்கிடும் தன் கணினி மாதிரியை ஒவ்வொரு மாதமும் சற்றே மாறுபட்ட தொடக்க நிலைகளிலிருந்து 51 முறை ஓட்டுகிறது. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான், கனடா ஆகிய நாடுகளின் மாதிரிகளும் அதனுடன் சேர்க்கப்படுகின்றன. வங்கக் கடலோரத்தின் மேல் பச்சை நிறம் அடர்ந்திருந்தால், வழக்கத்தைவிட அதிக மழைக்கு வாய்ப்பு கூடுதல் என்று பொருள். நிறமே இல்லாத வெண்மை, மாதிரிகள் எந்தப் பக்கமும் சாயவில்லை என்பதைக் காட்டுகிறது. அந்த வெண்மையை மறைக்காமல் வெளியிடுவதை நான் மிகவும் மதிக்கிறேன்; தனியார் செயலிகளில் அப்படி ஒரு வெண்மையை நான் பார்த்ததே இல்லை.

ஐந்தாண்டு அறிக்கை மழைக்கு அதிகம் உதவாது. அது வெப்பநிலைக்கு உரியது. 2025-இல் வந்த பதிப்பு, 2029-க்குள் ஏதேனும் ஓர் ஆண்டு 2024-இன் சாதனை வெப்பத்தைத் தாண்ட 80 விழுக்காடு வாய்ப்பு இருப்பதாகவும், ஏதேனும் ஓர் ஆண்டு தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் செல்ல 86 விழுக்காடு வாய்ப்பு இருப்பதாகவும் கூறியது. நாளிதழ்கள் இந்த எண்களை அப்படியே தலைப்பாக்கின. பத்தாண்டுக் கணிப்புகள் என்று பொதுவாக அழைக்கப்படும் இத்தகைய பல ஆண்டுக் கணிப்புகள் அனைத்தும், வரும் ஆண்டுகளில் பெரிய எரிமலை எதுவும் வெடிக்காது என்ற அனுமானத்தில் ஓட்டப்படுகின்றன என்பது தலைப்பிலும் இல்லை, செய்தியின் உள்ளேயும் இல்லை. எரிமலை எப்போது வெடிக்கும் என்று ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே சொல்லும் முறை உலகில் எவரிடமும் கிடையாது. ஆகவே அந்த அனுமானத்தில் குற்றமில்லை. ஆனால் 80 விழுக்காடு என்ற எண்ணைப் படிக்கும் பொதுமக்கள், அந்த நிபந்தனையையும் அதே எழுத்து அளவில் படிக்க வேண்டும்.

இந்த நிபந்தனை எவ்வளவு கனமானது என்பதை 1991 காட்டுகிறது. பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை அந்த ஆண்டு ஜூன் 15 அன்று வெடித்தபோது, 1.5 கோடி முதல் 2 கோடி டன் வரை சல்பர் டை ஆக்சைடு வாயு, ஸ்ட்ராட்டோஸ்பியர் எனப்படும் வளிமண்டல மேலடுக்குக்குச் சென்றது. அந்த உயரத்தில் மழை கிடையாது. ஆகவே கழுவி இறக்க எதுவும் இல்லை. சில வாரங்களில் அந்த வாயு நுண்ணிய கந்தக அமிலத் துளிகளாக மாறி, வெப்பமண்டலத்திலிருந்து இரு அரைக்கோளங்களுக்கும் பரவி, சூரிய ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பியது. 1992-இல் பூமியின் சராசரி மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி இறங்கியது. துளிகள் மெல்ல மெல்லத்தான் இறங்கின; அவற்றின் அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறைய ஏறக்குறைய ஓர் ஆண்டு பிடித்தது. இன்று அதே அளவு வெடிப்பு நிகழ்ந்தால், அடுத்த ஈராண்டுகளுக்கு மேற்சொன்ன 80 விழுக்காடும் 86 விழுக்காடும் பொருளற்றவை ஆகிவிடும்.

துளிகளையும் சாம்பலையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் பலருக்கு வீண் அச்சம் வருகிறது. எத்தியோப்பியாவின் ஹைலி குப்பி எரிமலை 2025 நவம்பர் 23 அன்று வெடித்து, அதன் சாம்பல் மேகம் செங்கடலையும் ஓமனையும் அரபிக் கடலையும் கடந்து மறுநாள் இரவு டெல்லி வரை வந்து, விமானங்கள் ரத்தானது பலருக்கு நினைவிருக்கும். எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அன்று முழுக்க இதே பேச்சு. கார்த்திகை மழை நின்றுவிடுமா, மார்கழிக் குளிர் கடுமையாகுமா, மாடித் தொட்டியை மூடி வைக்கலாமா என்று கேள்விமேல் கேள்வி வந்தது. மூன்றாவது மாடியில் இருக்கும் பெரியவர் ஒருவர், ‘இனி ரெண்டு வருஷத்துக்கு மழையே இருக்காதாம்மா’ என்று நேரிலேயே வந்து கேட்டார்.

விடை எளிது. அந்தச் சாம்பல் மேகம் சுமார் 14 கிலோமீட்டர் உயரம் வரைதான் எழுந்தது. வெப்பமண்டலப் பகுதியில் ஸ்ட்ராட்டோஸ்பியர் தொடங்குவதோ 16, 17 கிலோமீட்டருக்கு மேல். சாம்பல் கனமானது, சில நாட்களில் உதிர்ந்துவிடும். காலநிலையை மாற்றுவதற்குத் தேவையான கந்தகமும் பெரிய அளவில் மேலே போகவில்லை. ஆகவே பருவமழை முன்னறிவிப்பில் ஒரு விழுக்காட்டைக்கூட மாற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை. இந்த ஐந்து வாக்கியங்களைத் தமிழில், அன்று மாலைக்குள், ஒரு பொதுச் சேவை வெளியிட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

விமானங்களுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. உலகைப் பங்கிட்டுக்கொண்டு ஒன்பது எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையங்கள் இரவுபகலாக இயங்குகின்றன. ஹைலி குப்பி வெடித்தபோது பிரான்ஸின் டூலூஸ் மையம் சாம்பல் எந்த உயரத்தில், எந்தத் திசையில் செல்கிறது என்று தொடர்ந்து அறிக்கை தந்தது. விமானிகள் அதன்படி பாதையை மாற்றினார்கள். காலநிலை முன்னறிவிப்பைப் பயன்படுத்தும் விவசாயிக்கும், அணைப் பொறியாளருக்கும், என் போன்ற குடியிருப்புப் பொறுப்பாளருக்கும் அதற்கு இணையான அறிக்கை எதுவும் கிடையாது. இந்தச் சேவைகளில் நான் காணும் முதல் பெரிய குறை இதுதான்.

இதைச் சொல்லும்போது, இந்த ஊர் இவ்விஷயத்தில் பழம்பெருமை உடையது என்பதையும் குறிப்பிட வேண்டும். கிரகட்டோவா 1883 ஆகஸ்ட் இறுதியில் வெடித்த பின், செப்டம்பரில் மெட்ராஸில் சூரியன் பச்சை நிறத்தில் தெரிந்தது. மெட்ராஸ் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் நிறமாலைமானியை வைத்து அதைப் பதிவுசெய்தார்; பின்னாளில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் முதல் இயக்குநரானவர் அவரே. அதே காலகட்டத்தில்தான், இமயமலைப் பனியின் அளவைக் கொண்டு பருவமழையை முன்கூட்டியே சொல்லும் முயற்சியை 1882 முதல் ஹென்றி பிளான்ஃபோர்ட் நடத்திக்கொண்டிருந்தார். 1886-இல் அது முறையான அறிவிப்பாக வெளிவந்தது. நாட்டின் நீண்டகால முன்னறிவிப்பு பிறந்த ஆண்டுகளிலேயே ஒரு மாபெரும் எரிமலையின் தூசியும் நம் தலைக்கு மேலே நின்றது. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் கருவிகள் அப்போது இல்லை. இப்போது இருக்கின்றன.

இனி மதிப்பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னறிவிப்பு மாதிரியின் திறமையை அளக்க, அதைப் பழைய ஆண்டுகளுக்கு ஓட்டி, உண்மையில் நடந்ததோடு ஒப்பிடுவார்கள். சேவையின் இணையதளத்தில் திறன் வரைபடம் என்று காட்டப்படுவது அதிலிருந்து வருவதே. கோப்பர்நிகஸில் எல்லா மாதிரிகளுக்கும் பொதுவான ஒப்பீட்டுக் காலம் 1993 முதல் 2016 வரை. பினாட்டுபோ வெடித்தது 1991-இல். 1993-இல் மிஞ்சியது அதன் வால் மட்டுமே. அதன் பிறகு 2016 வரை அதற்கு இணையான வெடிப்பு உலகில் நிகழவில்லை. அதாவது, நாம் நம்பிப் பார்க்கும் மதிப்பெண் முழுவதும் எரிமலைகள் ஏறத்தாழ அடங்கியிருந்த காலத்தில் பெற்ற மதிப்பெண். பெரிய வெடிப்புக்குப் பிந்தைய பருவத்தில் இந்த மாதிரிகள் எப்படி இயங்கும் என்பதற்கு அந்த வரைபடத்தில் சான்று இல்லை.

பத்தாண்டுக் கணிப்புகளில் இதற்கு நேர்மாறான சிக்கல் ஒன்று இருந்தது. முந்தைய தலைமுறைச் சோதனை ஓட்டங்களில், 1990-இல் தொடங்குவதாக ஓட்டிய கணிப்புக்குள் 1991-இன் பினாட்டுபோ துளிகளையும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள். 1990-இல் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் தெரிந்திருக்க முடியாத செய்தி அது. வினாத்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டுத் தேர்வு எழுதிய மாணவனின் மதிப்பெண்ணுக்கு என்ன மதிப்போ, அந்தக் குளிர்ச்சியைச் சரியாகச் சொன்னதற்கும் அதே மதிப்புத்தான். அறிவியலாளர்களே இதை எடுத்துக்காட்டி, எரிமலையைச் சேர்த்தும் சேர்க்காமலும் ஓட்டிப் பார்த்து வேறுபாட்டை வெளியிட்டார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை. ஆனால் அந்த விளக்கம் ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கிறது. சேவையின் முகப்பில் இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு, வெடித்த பிறகு முன்னறிவிப்பே சாத்தியமில்லை என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. உண்மை அதற்கு மாறானது. பினாட்டுபோ வெடித்த சில மாதங்களிலேயே, நாசாவின் கொடார்டு ஆய்வு நிறுவனத்தில் ஜேம்ஸ் ஹான்சனும் அவர் குழுவினரும் தங்கள் மாதிரியில் அந்தத் துளிகளைச் சேர்த்து, உலகம் ஏறத்தாழ அரை டிகிரி குளிரும், 1992-இன் பிற்பகுதியில் அது உச்சத்தைத் தொடும் என்று கணித்து 1992 ஜனவரியில் வெளியிட்டார்கள். உலகம் அவ்வாறே குளிர்ந்தது, பின் மீண்டது. வெடிப்பை முன்கூட்டிச் சொல்ல முடியாது. வெடித்தது எவ்வளவு கந்தகத்தை எவ்வளவு உயரத்துக்கு அனுப்பியது என்று அளந்துவிட்டால், அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்கு உலகச் சராசரி வெப்பநிலையைச் சாதாரண ஆண்டைவிட உறுதியாகவே சொல்லலாம். ஆகவே முழுப் பாரமும் அந்த அளவீட்டின் மீதும், அதை மாதிரிக்குள் எத்தனை வேகமாகக் கொண்டுபோகிறார்கள் என்பதன் மீதும் விழுகிறது.

அளவீடு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1982-ஐவிடப் பெரிய பாடம் இல்லை. இதைச் சற்று நின்று சொல்கிறேன். மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை அந்த ஆண்டு மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் வெடித்து, சுமார் 70 லட்சம் டன் சல்பர் டை ஆக்சைடை மேலே அனுப்பியது. அக்காலத்தில் கடல்மேற்பரப்பின் வெப்பத்தைச் செயற்கைக்கோள்கள் அகச்சிவப்புக் கதிர்கள் வழியே அளந்தன. கடலுக்கும் செயற்கைக்கோளுக்கும் இடையே நின்ற கந்தகத் துளிகள் அந்தக் கதிர்களைக் குறைத்துக் காட்ட, கடல் உண்மையில் இருப்பதைவிடக் குளிர்ந்திருப்பதாக எண்கள் வந்தன. அதே மாதங்களில் பசிபிக் பெருங்கடலில், அந்த நூற்றாண்டின் மிக வலிமையான எல் நினோக்களில் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. கப்பல்களிலிருந்து வந்த சில அளவுகள் கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடாக இருப்பதைச் சொல்லின. அவை நம்ப முடியாத அளவுக்கு அதிகமாக இருந்ததால் தரச் சோதனையில் பிழை என்று ஒதுக்கப்பட்டன. எல் நினோ வந்திருக்கிறது என்று உலகம் ஒப்புக்கொள்ளும்போது அது ஏறத்தாழ முழு வளர்ச்சி அடைந்திருந்தது.

அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 1985-இல் தொடங்கிய பன்னாட்டுத் திட்டத்தின் கீழ், பசிபிக் நடுக்கோட்டின் நெடுகிலும் சுமார் 70 மிதவைகள் கட்டப்பட்டு, கடலின் வெப்பத்தைக் கடலுக்குள்ளிருந்தே அளக்கும் வலையமைப்பு 1994-இல் முழுமை பெற்றது. நம் வடகிழக்குப் பருவமழை முன்னறிவிப்பின் முதுகெலும்பே எல் நினோ பற்றிய தகவல்தான். பொதுவாக எல் நினோ ஆண்டுகளில் தமிழகக் கடலோரத்துக்கு மழை கூடுவதும், அதற்கு மாறாகப் பசிபிக் குளிரும் லா நினா ஆண்டுகளில் குறைவதும் நீண்ட காலமாகப் பார்க்கப்படும் போக்கு. அந்தத் தகவலையே ஓர் எரிமலை திரித்துக் காட்ட முடியும் என்றால், எரிமலை என்பது நீண்டகால முன்னறிவிப்புக்கு ஓரத்துச் செய்தி ஆகாது. இன்று மிதவைகளும், கடலுக்குள் தாமாகவே மூழ்கி எழும் ஆர்கோ கருவிகளும், துளிகளைத் துளைத்துப் பார்க்கும் நுண்ணலைச் செயற்கைக்கோள்களும் இருப்பதால் 1982-இன் குருட்டுத்தனம் அப்படியே திரும்ப வாய்ப்பில்லை. இந்த முன்னேற்றத்துக்காக இச்சேவைகளுக்கு நான் மனமாரப் புள்ளிகள் தருகிறேன்.

பருவமழைக்கு வருவோம். பெரிய வெடிப்புக்குப் பின் நிலம் கடலைவிட வேகமாகக் குளிர்கிறது. நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு குறைந்தால் தென்மேற்குப் பருவக்காற்றின் இழுவிசை தளரும். குளிர்ந்த உலகில் நீராவியாதலும் குறையும். பினாட்டுபோவுக்குப் பின், 1991 அக்டோபர் முதல் 1992 செப்டம்பர் வரையிலான ஓராண்டில் உலக நிலப்பரப்பின் மழையும், ஆறுகள் கடலில் சேர்த்த நீரும் வழக்கத்தைவிடக் கடுமையாகக் குறைந்தன. எரிமலை எந்த அரைக்கோளத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம்: துளிகள் வடக்கிலேயே தங்கினால் வடகோளம் மட்டும் குளிர்ந்து, வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே தள்ளப்படுகிறது. ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியின் கொடிய வறட்சிகள் சிலவற்றுக்கு முன் வடகோள வெடிப்புகள் நிகழ்ந்திருப்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

நமக்கு மிகவும் நெருக்கமான ஆய்வு ஒன்று 2020-இல் வந்தது. புணேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தினரும் ஜெர்மானிய ஆய்வாளர்களும் சேர்ந்து, பெரிய வெடிப்புகளுக்குப் பின் எல் நினோவுக்கும் இந்தியப் பருவமழைக்கும் உள்ள பிணைப்பு இறுகுகிறது என்று காட்டினார்கள். பிணைப்பு இறுகினால், ஒன்றை வைத்து மற்றொன்றைச் சொல்வது எளிதாகும். அதாவது, எரிமலை குழப்பத்தை மட்டும் கொண்டுவருவதில்லை. முன்னறிவிப்பாளர் பற்றிக்கொள்ள ஒரு கயிற்றையும் தருகிறது. வெடிப்பே எல் நினோவைத் தூண்டுமா என்ற கேள்வியில் மட்டும் மாதிரிகள் ஆம் என்ற பக்கமும், பழங்காலக் கடல் வெப்பத்தைக் காட்டும் பவளப்பாறைச் சான்றுகள் சில இல்லை என்ற பக்கமும் நிற்கின்றன.

எல்லா வெடிப்பும் பினாட்டுபோவின் வழியில் நடக்காது என்பதை 2022 ஜனவரி 15 அன்று டோங்காவின் கடலடி எரிமலை உணர்த்தியது. ஹுங்கா டோங்காவின் புகைத்தூண் 57 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டது. அதன் அழுத்த அலை உலகைப் பலமுறை சுற்றியது. அது அனுப்பிய சல்பர் டை ஆக்சைடு சுமார் 5 லட்சம் டன் மட்டுமே. ஆனால் சுமார் 15 கோடி டன் நீராவி மேலடுக்கில் சேர்ந்தது, அங்கு ஏற்கெனவே இருந்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. நீராவி வெப்பத்தைப் பிடிக்கும் வாயு என்பதால் உலகம் சூடாகும் என்று முதலில் பேசப்பட்டது. விரிவான ஆய்வுகள் அதன் விளைவு மிகச் சிறியது என்றும், தென்கோளத்தில் சிறிது குளிர்ச்சியே ஏற்பட்டது என்றும் பின்னர் காட்டின. 2023, 2024 ஆண்டுகளின் கடும் வெப்பத்துக்கு டோங்காதான் காரணம் என்று இன்னும் சிலர் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள், அது சரியன்று.

இந்தச் சேவைகளுக்குப் பின்னால் இருப்பவர்கள் சும்மா இருக்கவில்லை. பத்தாண்டு முன்னறிவிப்பு மையங்கள் கூடி, 2022 ஏப்ரலில் பினாட்டுபோ அளவில் ஒரு வெடிப்பு நிகழ்ந்ததாக வைத்துக்கொண்டு, கந்தகத்தின் அளவிலிருந்து துளிகளின் பரவலைக் கணக்கிட்டு, கணிப்புகளை மறுபடி ஓட்டிப் பார்க்கும் ஒத்திகையை நடத்தியிருக்கின்றன. சல்பர் டை ஆக்சைடை அன்றாடம் அளக்கும் சென்டினல்-5பி செயற்கைக்கோள் மேலே இருக்கிறது. சென்னையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில், திருப்பதிக்கு அருகே காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்தில், 1998 முதல் லேசர் கதிரை வானில் செலுத்தி மேலடுக்கின் துளிகளை அளக்கும் லைடார் கருவி இருக்கிறது. பொருட்கள் எல்லாம் கையில் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துவோரிடம் கொண்டுவந்து சேர்க்கும் கடைசி அடிதான் பாக்கி.

அந்தக் கடைசி அடி பெரிய செலவு பிடிப்பதல்ல. எல் நினோவுக்கும் இருமுனை நிலைக்கும் தனிப்பத்தி ஒதுக்கும் பருவமழை அறிக்கையில், மேலடுக்கின் கந்தகத் துளிகள் வழக்கமான அளவில் உள்ளனவா என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். அமைதியான ஆண்டுகளில் அந்த வரி, வழக்கமான அளவில் உள்ளன என்றே இருக்கட்டும். இந்த முன்னறிவிப்பு பெரிய வெடிப்பு எதுவும் நிகழாது என்ற அனுமானத்தில் அமைந்தது என்ற வாசகம் முதல் பக்கத்தில் வர வேண்டும். வெடிப்பு நிகழ்ந்தால் எத்தனை நாட்களில் திருத்திய அறிக்கை வரும் என்பதையும் முன்பே அறிவிக்க வேண்டும். இவை தமிழிலும் இருக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். செங்கல்பட்டில் நெல் போடுபவருக்கும் ராயபுரத்தில் குடத்தோடு வரிசையில் நிற்பவருக்கும் பருவமழை சமமாகவே தேவை.

புள்ளிகள் என்று கேட்டால், எரிமலைகள் அடங்கியிருக்கும் ஆண்டில் மூன்று சேவைகளுக்கும் சேர்த்து ஐந்துக்கு நான்கு தருவேன். பெரிய வெடிப்புக்குப் பின்னான முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு இரண்டு. ஏனெனில் அப்போது வெளியில் கிடைக்கும் வரைபடங்களில் எது துளிகளைக் கணக்கில் எடுத்தது, எது எடுக்கவில்லை என்று சாதாரண வாசகரால் பிரித்தறிய முடியாது. அளவீடுகள் மாதிரிக்குள் சென்ற பிறகு மூன்றரை. பினாட்டுபோவுக்குப் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த அளவு வெடிப்பு இல்லை; இந்த நூற்றாண்டில் குறைந்தது ஒன்றாவது நிகழும் வாய்ப்பு அதிகம் என்று காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு தன் ஆறாவது மதிப்பீட்டில் எழுதியிருக்கிறது. 1912-க்கும் 1963-க்கும் இடையிலும் இப்படி ஒரு நீண்ட அமைதி இருந்து, பாலித் தீவின் ஆகுங் அதைக் கலைத்தது.

அப்படி ஒரு செய்தி வந்தால் சென்னைவாசி செய்ய வேண்டியது அதிகமில்லை. முதலில் மூன்று விவரங்களைத் தேட வேண்டும்: புகை எத்தனை கிலோமீட்டர் உயரம் சென்றது, சல்பர் டை ஆக்சைடு லட்சக்கணக்கான டன்னா கோடிக்கணக்கான டன்னா, எரிமலை நிலநடுக்கோட்டுக்கு அருகிலா தொலைவிலா. உயரம் 17 கிலோமீட்டருக்குள் நின்றிருந்தால் அல்லது கந்தகம் சில லட்சம் டன்தான் என்றால் கையில் உள்ள முன்னறிவிப்பை அப்படியே வைத்துக்கொள்ளலாம். இரண்டும் பெரிதாக இருந்தால், அடுத்த மாதத்துக் கோப்பர்நிகஸ் வரைபடமும் வானிலை ஆய்வுத் துறையின் அடுத்த அறிக்கையும் வரும்வரை, முந்தைய அறிக்கையை நம்பி லாரித் தண்ணீர் ஒப்பந்தத்தைக் குறைக்க வேண்டாம். பருவத்தின் மொத்த மழை வேறு, ஒரு நாள் மழை வேறு என்பதையும் மறக்க வேண்டாம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியதை எந்தப் பருவ முன்னறிவிப்பும் முன்கூட்டிச் சொல்லக்கூடியதன்று. குழியில் மணலும் ஜல்லியும் மாற்றும் வேலையை மட்டும் எரிமலை வெடித்தாலும் வெடிக்காவிட்டாலும் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள்.